பிட்ஸ்பர்க்கின் கறுப்பினப் பெண்கள்: அறிக்கைக்குப் பிறகு என்ன நடந்தது

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மாநகராட்சி தன் பாலினச் சமத்துவ ஆணையத்தை வைத்தே ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் தலையில் தானே குட்டிக்கொண்டது. கறுப்பினப் பெண்கள் வாழ்வதற்கு நாட்டிலேயே மிக மோசமான நகரங்களில் இதுவும் ஒன்று என்பது அதன் சாரம். அறிக்கையை எழுதிய பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழுவில் ஒருவரான சமூகவியலாளர் ஜூனியா ஹவல் அதை இன்னும் உறைக்கிற மாதிரி சொன்னார். இந்த ஊர்க் கறுப்பின மக்கள் இன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வேறு பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் ஏதாவது ஒன்றுக்குக் குடிபோனாலே போதும், வேறெதுவும் செய்யாமலே ஆயுள் கூடும், வருமானம் கூடும், பிள்ளைகளின் படிப்பு வாய்ப்பும் கூடும் என்றார்.

நம்மவர்களுக்கு பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகம், அப்புறம் எஃகு. உலகத்துக்கும் நல்ல பெயர்தான். 2018இல் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு போட்ட 'வாழத் தகுந்த நகரங்கள்' பட்டியலில், அமெரிக்க ஊர்களில் ஹொனலூலுவுக்கு அடுத்த இடம் இந்த ஊருக்குத்தான். ஆலைகள் மூடிய 1980களின் சரிவிலிருந்து மருத்துவமும் பல்கலைக்கழகமும் தூக்கி நிறுத்திய நகரம் என்று மேயர்கள் மேடைதோறும் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. மூன்று லட்சம் பேர் வாழும் ஊர், அதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். இந்த ஒரே ஊரைத்தான் ஒரு பட்டியல் தலையில் தூக்கி வைத்தது, அடுத்த வருடமே இன்னொரு அறிக்கை கீழே போட்டது. இரண்டுமே பொய் இல்லை, யாருக்கு வாழத் தகுந்த ஊர் என்று முதல் பட்டியல் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஒரு மாநகராட்சி எதற்காகத் தன்னையே இப்படி அளந்துகொண்டது? பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்க ஐ.நா. 1979இல் கொண்டுவந்த உடன்படிக்கையை, சுருக்கமாக சீடா என்பார்கள், அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1980இல் கையெழுத்திட்டார். ஆனால் செனட் இன்றுவரை அதற்கு ஒப்புதல் தரவில்லை. நாடு செய்யாததை ஊர்கள் செய்யலாமே என்று சான் பிரான்சிஸ்கோ 1998இல் அதைத் தன் நகரச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. பிட்ஸ்பர்க் அந்த வழியில் 2016 டிசம்பரில் சேர்ந்தது. நகர்மன்ற உறுப்பினர் நடாலியா ருடியாக் கொண்டுவந்த சட்டம் நிறைவேறி, மேயர் பில் பெடூட்டோ கையெழுத்திட்டு, பாலினச் சமத்துவ ஆணையம் என்று ஒன்று பிறந்தது. அதன் முதல் பெரிய வேலைதான் இந்த அளவெடுப்பு.

ஆணையம் செய்த ஒரு நல்ல காரியம், பெண்கள் என்று ஒரே மொத்தமாகக் கணக்குப் போடாமல், பாலினத்தையும் இனத்தையும் சேர்த்து வெட்டிப் பார்த்தது. பெண்களின் சராசரி என்று எடுத்தால் வெள்ளையினப் பெண்களின் எண்ணிக்கையில் கறுப்பினப் பெண்கள் கரைந்துபோவார்கள். கறுப்பினத்தவரின் சராசரி என்று எடுத்தால் பேச்சு ஆண்கள், சிறை, வேலையின்மை என்று போய்விடும். வேறு ஊர்களோடு ஒப்பிட்டதும் சரியான முடிவு. ஏனென்றால் கறுப்பினத்தவர் நிலை அமெரிக்கா முழுக்கவே மோசம்தான், இதில் எங்கள் ஊர் என்ன தனி என்று கேட்டுத் தப்பிக்க இனி முடியாது.

எண்கள் என்ன சொல்லின? ஒத்த மற்ற நகரங்களில் 97 சதவீதத்தைவிட பிட்ஸ்பர்க்கில் கறுப்பினப் பெண்களின் மகப்பேறு மரண விகிதம் அதிகம். கருவிலேயே குழந்தை இறப்பது வெள்ளையினப் பெண்களைவிட இரண்டு மடங்கு. மாணவர்களைப் போலீசிடம் அனுப்புவதில் பிட்ஸ்பர்க் அரசுப் பள்ளிகள் ஒத்த நகரங்களில் 95 சதவீதத்தை முந்தி நின்றன, அதிலும் கறுப்பினச் சிறுமிகள் அனுப்பப்படுவது வெள்ளையினச் சிறுமிகளைவிடப் பல மடங்கு. அதே ஊரில் வெள்ளையினத்தவர் நிலையோ பிற ஊர் வெள்ளையினத்தவரைப் போலச் சுமாராகத்தான் இருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒரு நகர அளவில் மகப்பேறு மரணம் எண்ணிக்கையில் சிறியது, ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் தரவரிசை ஆடும். அதனால் 97 என்ற எண்ணை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உடல்நலம், வறுமை, வேலை, படிப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே திசையில் முள் காட்டும்போது, ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பொருளில்லை.

தேசிய ஊடகங்கள் இதைக் கேட்டு அதிர்ந்தன. ஊர்க் கறுப்பினப் பெண்கள் அதிரவில்லை. இது எங்களுக்குத் தெரியாதா, எங்களைக் கேட்டிருந்தால் பத்து வருடம் முன்பே சொல்லியிருப்போமே என்பதுதான் பலருடைய முதல் பேச்சு. அறிக்கையின் தலைப்பில் இருக்கும் பெண்களை எழுத்திலும் பரிந்துரையிலும் எந்த அளவுக்குச் சேர்த்தீர்கள் என்ற கேள்வியும் வந்தது. அதில் நியாயம் உண்டு. அந்த ஊரில் இந்த வேலையை முன்பே செய்துகொண்டிருந்த கறுப்பினப் பெண்களின் அமைப்புகள் இருந்தன. பிட்ஸ்பர்க் காவல்துறையின் முதல் கறுப்பினப் பெண் கமாண்டர் குவெண்டலின் எலியட் 2002இல் தொடங்கிய குவென்ஸ் கேர்ள்ஸ், லடாஷா மேய்ஸ் 2004இல் தொடங்கிய நியூ வாய்ஸஸ் இரண்டும் முக்கியமானவை. குவென்ஸ் கேர்ள்ஸை மையமாக வைத்து 2016இலேயே கறுப்பினச் சிறுமிகளுக்கான ஒரு கூட்டமைப்பு உருவாகி, பிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய மாவட்டமான அல்லெகனி கவுண்டியில் சிறுமிகளின் நிலைபற்றித் தனி அறிக்கையே வந்திருந்தது. அதாவது மாநகராட்சி 2019இல் கண்டுபிடித்தது பாதி, பழையதை அரசு முத்திரையோடு மறுபடி சொன்னது பாதி. அந்த முத்திரைக்கும் மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. இயக்கத்துக்காரர்கள் சொன்னால் குற்றச்சாட்டு என்று ஒதுக்குபவர்களும், அரசே ஒப்புக்கொண்டுவிட்டால் அப்படிச் செய்ய முடியாது.

இனிதான் சிக்கல். அறிக்கையைப் படித்துவிட்டு ஒவ்வொரு பிரச்சினைக்கும் யார் பொறுப்பு என்று தேடிப் பாருங்கள், மாநகராட்சி பெரும்பாலும் அதில் இருக்கவே இருக்காது.

மகப்பேறு மரணத்தை எடுத்துக்கொள்வோம். பிட்ஸ்பர்க் நகரத்துக்கென்று சுகாதாரத் துறையே கிடையாது. 1957இல் அல்லெகனி கவுண்டி சுகாதாரத் துறை உருவானபோது அந்தப் பொறுப்பு முழுக்க கவுண்டிக்குப் போய்விட்டது. பிரசவம் பார்க்கும் மருத்துவமனைகள் லாப நோக்கற்ற தனியார் குழுமங்களின் கையில், அதில் யு.பி.எம்.சி. ஒன்றே ஊரின் மிகப் பெரிய முதலாளி. ஊர் நடுவே எஃகு நிறுவனம் கட்டிய 64 மாடிக் கோபுரத்தின் உச்சியில் இன்று எரிவது யு.பி.எம்.சி. என்ற எழுத்துகள்தான், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை. அந்த நிறுவனம் அறக்கொடை என்ற பெயரில் தன் சொத்துகளில் பெரும்பகுதிக்கு வரி கட்டுவதில்லை. முந்தைய மேயர் ஒருவர் 2013இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார், பெடூட்டோ வந்ததும் 2014இல் அது கைவிடப்பட்டது. பிள்ளை பெற்ற தாய்க்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு எத்தனை நாள் தொடரும் என்பது மாநிலத்தின் கையில். 60 நாளோடு நின்றுகொண்டிருந்ததை பென்சில்வேனியா 2022 ஏப்ரலில் 12 மாதமாக நீட்டியது. தாய்மார் சாவில் கணிசமான பங்கு பிரசவம் முடிந்து வாரங்கள், மாதங்கள் கழித்து நடப்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆனால் இதில் பிட்ஸ்பர்க் நகர்மன்றத்துக்கு ஓட்டு இல்லை.

வறுமைக்கு வாருங்கள். பென்சில்வேனியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து அசையவில்லை. ஊர்கள் தாங்களாக உயர்த்திக்கொள்வதை மாநிலச் சட்டம் 2006இலிருந்தே தடுக்கிறது. மாநகராட்சி தன் சொந்த ஊழியர்களுக்கு 15 டாலர் தரலாம், தர முடிவும் செய்தது. ஆனால் முதியோர் இல்லத்தில் உடம்பு துடைத்துவிடும் பெண்ணுக்கும், மருத்துவமனைச் சமையலறையில் தட்டு அடுக்கும் பெண்ணுக்கும் அதனால் ஒரு சென்ட்கூட ஏறாது. ஊதியத்தோடு நோய் விடுப்பு தர வேண்டும் என்று 2015இல் நகர்மன்றம் போட்ட சட்டத்தை உணவகத் தொழில்காரர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், மாநில உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில்தான் அது செல்லும் என்றது, அமலுக்கு வந்தது 2020 மார்ச்சில். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போகிற பெண்கள் அதுவரை காத்திருந்தார்கள். ஒரு சட்டம் நிறைவேறி நடைமுறைக்கு வர ஏறக்குறைய ஐந்து வருடம் எடுத்தது என்பதை இப்போது வேகமாகத் தாண்டிவிடலாம், அந்த ஐந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அப்படித் தாண்ட முடியாது.

பள்ளி விஷயம்தான் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. பிட்ஸ்பர்க் அரசுப் பள்ளிகள் மேயருக்குக் கீழே வராது, தனியாகத் தேர்தலில் வென்று வரும் ஒன்பது பேர் கொண்ட கல்வி வாரியம் நடத்துகிறது. அந்த வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ் பிரிவே உண்டு, துப்பாக்கி இல்லாத போலீஸ். கறுப்பினச் சிறுமிகள் சிறார் நீதி அமைப்புக்குள் வருவதற்கு மிகப் பெரிய வாசல் இந்தப் பள்ளிப் போலீஸ்தான் என்று மேலே சொன்ன கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. நகரக் காவல்துறை அல்ல, தெருச் சண்டையும் அல்ல, வகுப்பறைக்கு வெளியே உள்ள நடைபாதை.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நடைபாதையில் இரண்டு சிறுமிகள் கத்திக்கொள்கிறார்கள், ஆசிரியர் சொல்லியும் அடங்கவில்லை. ஒழுங்கீனமான நடத்தை என்ற பிரிவில் போலீஸ் ஒரு சீட்டு எழுதுகிறார். கைது இல்லை, குற்ற வழக்குகூட இல்லை, போக்குவரத்து அபராதச் சீட்டு மாதிரி ஒரு காகிதம், அவ்வளவுதான் என்று தோன்றும். அந்தச் சீட்டு வட்டார நீதிபதியிடம் போகிறது. அம்மா வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வர வேண்டும், வராவிட்டால் அது ஒரு தவறு. நீதிபதி அபராதமும் நீதிமன்றச் செலவும் விதிக்கிறார். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. கெடு தாண்டியதும், உத்தரவை மதிக்கவில்லை என்ற பெயரில் விவகாரம் சிறார் நீதிமன்றத்துக்கு மாறுகிறது. இப்போது அந்தச் சிறுமிக்கு நன்னடத்தை அலுவலர், கோப்பு, வாய்தா எல்லாம் வந்துவிடுகின்றன. தொடக்கத்தில் இருந்த சத்தம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கடைசியில் நிற்பது கட்டாத அபராதம். இதே சத்தத்தை வசதியான வட்டாரத்துப் பள்ளியில் போட்டால் ஆலோசகர் அறைக்கு அனுப்புவார்கள், பெற்றோருக்கு போன் போகும், கதை முடிந்தது. கறுப்பினச் சிறுமி அதே வயது வெள்ளையினச் சிறுமியைவிடப் பெரியவளாகவும் முரடாகவும் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிகிறாள் என்று அமெரிக்காவில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அந்தப் பார்வையோடு ஒரு போலீஸ்காரரும் ஒரு சீட்டுப் புத்தகமும் ஒரே கட்டடத்தில் இருந்தால் பல மடங்கு என்பது எப்படி வருகிறது என்று புரியும்.

அறிக்கையில் உள்ள மற்ற எல்லாப் பிரச்சினையையும்விட இதைச் சரிசெய்வது சுலபம் என்பது என் கருத்து. பணம் வேண்டாம், ஊரின் பொருளாதாரத்தைத் திருப்பிப்போட வேண்டாம், எந்தெந்தச் செயலுக்குப் போலீஸ் சீட்டு எழுதக்கூடாது என்று ஒரு விதி போதும். ஆனால் அந்த விதியைப் போட வேண்டியது கல்வி வாரியம், ஆணையத்தை வைத்திருப்பது மாநகராட்சி. ஆணையம் பரிந்துரைக்கலாம், கடிதம் எழுதலாம், கூட்டம் போடலாம்.

சரி, மாநகராட்சி தன் கையில் உள்ளதை என்ன செய்தது? 2019 டிசம்பரில் நகர்மன்ற உறுப்பினர்கள் டேனியல் லவெல், ரிக்கி பர்ஜஸ் கொண்டுவந்தபடி, இனவெறியைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று நகர்மன்றம் அறிவித்தது. கூடவே ஒரு முதலீட்டு நிதி, ஒரு தலைவர்கள் மன்றம். இந்த மாதிரி அறிவிப்பு அடுத்த வருடம் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு நாடெங்கும் ஊருக்கு ஊர் வந்தது, பிட்ஸ்பர்க் கொஞ்சம் முந்திக்கொண்டது. அறிவிப்பால் யாருக்கும் ரத்த அழுத்தம் இறங்காது என்று அலுத்துக்கொள்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

2020 அக்டோபரில் வந்த தலைமுடிச் சட்டம் வேறு ரகம். ஆஃப்ரோ, பின்னல்கள், முறுக்குகள், ட்ரெட்லாக்ஸ் என்று இயற்கையான முடியையும் அதற்கான அலங்காரத்தையும் காரணம் காட்டி வேலை, வீடு, பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதை பிட்ஸ்பர்க் தடை செய்தது, பென்சில்வேனியாவில் முதலில் செய்ததும் அதுதான். இதைக் கேட்டு, தலைமுடிக்கா சட்டம் என்று சிரிப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. நேர்காணலுக்கு முன்னால் ரசாயனம் போட்டு முடியை நேராக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பது, அதற்கு மாதாமாதம் ஆகிற செலவு, உச்சந்தலையில் எரிகிற எரிச்சல், வரவேற்பு மேசை வேலைக்கு உன் பின்னல் சரிப்படாது என்று சொல்லப்படுவது எல்லாம் அன்றாடம் நடப்பவை. சட்டம் எழுதியதோடு நிற்காமல், புகார் வந்தால் விசாரிக்க நகரத்தின் மனித உறவுகள் ஆணையம் 1950களிலிருந்தே இருந்தது. எழுதிய கையும் அமல்படுத்தும் கையும் ஒரே இடத்தில் இருந்த அரிதான விஷயம் இது. நியூ வாய்ஸஸ் இதற்குப் பின்னால் நின்று உழைத்தது. அதை நிறுவிய லடாஷா மேய்ஸ் 2022இல் மாநிலச் சட்டமன்றத்துக்கே தேர்வாகிப் போய், அங்கும் இதே சட்டத்தைக் கையிலெடுத்தார், 2025 நவம்பரில் ஆளுநர் ஜோஷ் ஷபீரோ கையெழுத்திட்டார். ஊரில் தொடங்கியது மாநிலத்துக்கு ஏறியது.

இதற்கு நேர்மாறாக முடிந்தது உத்தரவாத வருமானத் திட்டம். கொரோனா நிவாரணமாக மத்திய அரசு பிட்ஸ்பர்க்குக்கு 33.5 கோடி டாலர் கொடுத்தபோது, அதில் 25 லட்சத்தை ஒதுக்கி, 200 ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 500 டாலர் வீதம் இரண்டு வருடம் தருவதாக 2021இல் திட்டம் போட்டார்கள். அந்த 200இல் பாதி கறுப்பினப் பெண்கள் தலைமையில் நடக்கும் குடும்பங்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வந்த பணத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அதுவும் நடைமுறைக்கு வரவே இல்லை. அறிக்கை யாரைப் பற்றிப் பேசியதோ அவர்கள் கைக்கு நேராகப் போயிருக்கக்கூடிய காசு இது ஒன்றுதான் என்பதால் இந்தத் தோல்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மற்ற ஊர்கள் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன, அதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. கறுப்பின, பசிபிக் தீவுக் கர்ப்பிணிகள் சுமார் 150 பேருக்கு மாதம் 1,000 டாலர் என்று சான் பிரான்சிஸ்கோ 2021இல் தொடங்கிய திட்டம் நேரடியாக இனத்தைச் சொல்லித் தேர்ந்தெடுத்தது, 2023இல் அதை எதிர்த்து வழக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அதே வருடம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியபின், எந்த மாநகராட்சி வழக்கறிஞரும் இனத்தின் பெயரைத் திட்டத்தில் எழுத ஒன்றுக்கு நூறு தடவை யோசிப்பார். பிட்ஸ்பர்க்கின் மாநிலத்திலேயே உள்ள ஃபிலடெல்ஃபியா 2024இல் வேறு வழி பிடித்தது. எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறக்கும் மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள கர்ப்பிணிகளுக்கு மாதம் 1,000 டாலர், பிள்ளை பிறந்து ஒரு வருடம் வரை. விண்ணப்பத்தில் இனம் கேட்கவில்லை. கோப்ஸ் கிரீக், ஸ்ட்ராபெர்ரி மேன்ஷன், நைஸ்டவுன்-டியோகா என்று அந்த வட்டாரங்களின் பெயரைக் கேட்டாலே பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்று ஃபிலடெல்ஃபியாக்காரர்களுக்குத் தெரியும். கவனியுங்கள், ஃபிலடெல்ஃபியாவில் நகரமும் கவுண்டியும் ஒன்றுதான், சுகாதாரத் துறை நகரத்தின் சொந்தத் துறை. பணம் பெரும்பாலும் அறக்கட்டளைகளிடமிருந்து வந்தாலும் நடத்துவதற்கு ஆளும் தரவும் கையில் இருந்தன.

அரசியலில் அறிக்கை வேலை செய்தது. வாழத் தகுந்த நகரம் என்றால் யாருக்கு என்ற கேள்வியை முன்னால் வைத்து எட் கெய்னி 2021 மே மாத உட்கட்சித் தேர்தலில் பெடூட்டோவைத் தோற்கடித்து, அடுத்த சனவரியில் நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார். அறக்கொடை என்று வரி தவிர்க்கும் சொத்துகளை 2023இல் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கவும் தொடங்கினார். 2025 மே மாதம் அவரே உட்கட்சித் தேர்தலில் கோரி ஓ'கானரிடம் தோற்றார். இதற்கிடையே ஹவல் சொன்ன அந்த மூட்டை கட்டும் வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. 2010க்கும் 2020க்கும் இடையே பிட்ஸ்பர்க் பத்தாயிரத்துக்கு மேல் கறுப்பின மக்களை இழந்தது என்று மக்கள்தொகைக் கணக்கு காட்டியது. விரும்பிப் போனவர்கள் சிலர். ஈஸ்ட் லிபர்ட்டியில் பென் பிளாசா அடுக்குமாடி வீடுகளிலிருந்து 2015இல் காலி செய்யச் சொல்லப்பட்ட 200க்கும் மேற்பட்ட குடும்பங்கள் விரும்பிப் போனவர்கள் இல்லை. 1950களில் விளையாட்டரங்கம் கட்ட லோயர் ஹில் வட்டாரத்தை இடித்து 8,000 பேரைக் கிளப்பிய ஊருக்கு இது பழக்கமான காரியம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இப்படி ஓர் ஆணையம் வைக்கப் போகிற எந்த ஊருக்கும் எனக்குச் சொல்லத் தோன்றுவது, கணக்கெடுப்பதற்கு முன்பே கல்வி வாரியத்தையும் கவுண்டியையும் மருத்துவமனைகளையும் மேசைக்குக் கொண்டுவந்து, எண்கள் எப்படி வந்தாலும் இன்னின்னதை மாற்றுவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். வராதவர்கள் பெயரை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். ஆணையத்தின் நாற்காலிகளில் பாதியாவது குவென்ஸ் கேர்ள்ஸ், நியூ வாய்ஸஸ் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களுக்குப் போக வேண்டும், அவர்களுக்கு எந்தக் கதவை யார் திறப்பார் என்று ஏற்கெனவே தெரியும். பள்ளியில் எழுதப்படும் சீட்டுகளை இனம், பாலினம் பிரித்து மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள், அதற்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தேவையில்லை, பள்ளி அலுவலகத்தில் இருக்கும் எழுத்தரே போதும்.